வெள்ள நிவாரணத் தொகையைக் குடியானவர் தாமே கணக்கிடும் முறை

புயல் ஓய்ந்து வெள்ளம் வடியத் தொடங்கியவுடனே ஒவ்வொரு கிராமத்திலும் ஒரே கேள்வி எழுகின்றது. தம் குடும்பத்துக்குச் சர்க்காரிடமிருந்து எவ்வளவு தொகை கிடைக்கும் என்பதே அக்கேள்வி. இதற்குச் சாவடியிலும் தேநீர்க் கடையிலும் பலவிதமான விடைகள் கிடைக்கும். ஒருவர் ஏக்கருக்கு இருபதாயிரம் என்பார்; மற்றொருவர் ஒன்றுமே வாராது என்பார்; இன்னுமொருவர் தமக்குக் கொஞ்சம் கொடுத்தால் கூடுதலாக வாங்கித் தருவதாகச் சொல்வார். இவற்றை நம்பிக் கடன் வாங்கி மறு நடவு செய்தவரும் உண்டு. நம்பாமல் மனுவே கொடாது இருந்துவிட்டவரும் உண்டு. இருவரும் நஷ்டமடைந்தவரே.

உண்மையில் இத்தொகை எவருடைய தயவையும் பொறுத்ததன்று. அதற்கு எழுதி வைத்த விதிகளும் விகிதங்களும் உள்ளன. பெருக்கலும் கூட்டலும் தெரிந்த ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே ஏறக்குறையச் சரியாகக் கணக்கிட்டுவிடலாம். அதற்கு முதலில் அறிய வேண்டியது, ஒவ்வோர் உதவியும் எந்த அளவையால் அளக்கப்படுகின்றது என்பதேயாகும்.

விதிகள் எங்கிருந்து வருகின்றன

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் பேரிடர் நிவாரண நிதி ஒன்று ஏற்பட்டது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இந்நிதிக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கை மத்திய அரசும், இருபத்தைந்து பங்கை மாநில அரசும் செலுத்துவது ஏற்பாடு. இந்நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மத்திய அரசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விகிதப் பட்டியலாக வெளியிடுகின்றது. 2015-ஆம் ஆண்டில் ஒரு பட்டியலும், 2022-ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி மற்றொரு பட்டியலும் வெளிவந்தன. மாநில அரசு தன் பொறுப்பில் இவற்றுக்கு மேலும் கொடுப்பதுண்டு. ஆகவே ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் மாநில அரசு வெளியிடும் அறிவிப்பே இறுதியான கணக்குக்கு ஆதாரமாகும்.

இந்த உதவியின் தன்மையையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்ளல் நலம். இது அழிந்த பொருளின் விலையன்று. விழுந்த குடும்பம் மறுபடி எழுந்து நிற்பதற்கும், அழிந்த பயிருக்குப் பதிலாக விதையும் உரமும் வாங்கி மறு சாகுபடி தொடங்குவதற்கும் கொடுக்கும் கைத்தாங்கலே ஆகும். பயிருக்குரிய தொகையை இடுபொருள் மானியம் என்று விதிகள் வழங்குவதும் இக்காரணம் பற்றியே. உழவு, நடவு, களை, உரம் என்று செலவிட்டது முழுவதும் இதனால் திரும்பி வாராது என்பதை அறிந்து அதற்கேற்பத் திட்டமிடுதல் வேண்டும்.

நான்கு அளவைகள்

நிவாரணத் தொகைகள் நான்கு வகையான அளவைகளைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. குடும்ப அட்டை ஓர் அளவை; வீடு ஓர் அளவை; நிலப்பரப்பு ஓர் அளவை; கால்நடையின் எண்ணிக்கை மற்றோர் அளவை. இவற்றுள் ஒன்றை மற்றொன்றோடு குழப்புவதனாலேயே பெரும்பாலான தவறான மதிப்பீடுகள் பிறக்கின்றன.

அண்மைக்கால உதாரணமொன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவில் நீர் திறந்துவிடப்பட்டமையால் தென்பெண்ணையாற்றங்கரையிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. அதன் பின்னர் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்த விகிதங்கள் வருமாறு:

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிப்புற்ற குடும்பங்களுக்குக் குடும்ப அட்டை ஒன்றுக்கு ரூ. 2,000.
சேதமடைந்த குடிசை ஒன்றுக்கு ரூ. 10,000.
மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது நூற்றுக்கு 33 பங்குக்குக் குறையாமல் சேதமுற்ற நெற்பயிர் முதலிய இறவைப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு ரூ. 17,000.
அவ்வாறே சேதமுற்ற பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் ஹெக்டேருக்கு ரூ. 22,500.
மானாவாரிப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு ரூ. 8,500.
இறந்த பசு அல்லது எருமை ஒன்றுக்கு ரூ. 37,500.
வெள்ளாடு அல்லது செம்மறியாடு ஒன்றுக்கு ரூ. 4,000.
கோழி ஒன்றுக்கு ரூ. 100.

நிலத்துக்குரிய கணக்கு

பட்டியலில் விகிதம் ஹெக்டேருக்கு என்று இருக்கின்றது. குடியானவரோ ஏக்கரிலும் சென்ட்டிலுமே எண்ணுகின்றனர். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய 2.47 ஏக்கருக்குச் சமம். ஆகவே மேற்கண்ட விகிதங்களை 2.47-ஆல் வகுத்தால் ஏக்கர் விகிதம் கிடைக்கும். இறவை நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் ரூ. 6,880, மானாவாரிக்குச் சுமார் ரூ. 3,440, பல்லாண்டுப் பயிருக்குச் சுமார் ரூ. 9,110. பதினேழாயிரம் என்று கேள்விப்பட்டு அதனை ஏக்கருக்குரியதென்று எண்ணியவர் இரண்டரை மடங்கு கூடுதலாக எதிர்பார்த்து ஏமாற்றமடைவார்.

அடுத்துக் கவனிக்கத்தக்கது மூன்றில் ஒரு பங்கு என்னும் வரம்பாகும். 2015-ஆம் ஆண்டுக்கு முன்பு பாதிப் பயிர் அழிந்தாலன்றி உதவி இல்லை. அவ்வாண்டில் இவ்வரம்பு நூற்றுக்கு 33 ஆகக் குறைக்கப்பட்டது. இது ஒரு வாசற்படியைப் போன்றது. நூற்றுக்கு 30 பங்கு சேதமுற்ற வயலுக்கு ஒன்றும் இல்லை. 35 பங்கு சேதமுற்ற வயலுக்கும், முழுவதும் அழுகிப்போன வயலுக்கும் ஒரே விகிதந்தான். ஆகவே வாசற்படியின் அருகில் உள்ள வயலை அளவிடுவதில் மிகுந்த கவனம் தேவை. வழக்கமாக ஏக்கருக்கு 30 மூட்டை விளையும் வயலில், வெள்ளத்துக்குப் பின் 20 மூட்டையோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும் என்று தோன்றினால் அவ்வயல் வரம்பைக் கடந்ததாகும். 22 மூட்டை தேறும் என்றால் கடக்கவில்லை.

மூன்றாவதாக, பரப்புக்கு மேல்வரம்பு ஒன்றும் உண்டு. மத்திய அரசின் விகிதப் பட்டியலின்படி ஒரு விவசாயிக்கு இரண்டு ஹெக்டேர் வரையிலுமே இடுபொருள் மானியம் கணக்கிடப்படும். ஏழு ஏக்கர் தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்தாலும், ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த பரப்புக்கே தொகை உண்டு. 22,500 ரூபாய் விகிதத்தில் அது ரூ. 45,000 ஆகும்.

மிகச் சிறிய நிலமுடையோருக்குக் கீழ்வரம்பும் வகுக்கப்பட்டிருந்தது. 2015-ஆம் ஆண்டுப் பட்டியலில் மானாவாரிக்கு ரூ. 1,000-க்கும், இறவைப் பயிருக்கு ரூ. 2,000-க்கும் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. அப்போது இறவை விகிதம் ஹெக்டேருக்கு ரூ. 13,500. இருபது சென்ட் நடவு செய்தவருக்குக் கணக்கின்படி சுமார் ரூ. 1,093 தான் வரும். கீழ்வரம்பினால் அது ரூ. 2,000 ஆயிற்று. தம் நிலம் சிறிதென்று எண்ணி மனுக் கொடாது இருப்பவர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கால்நடைக்குரிய கணக்கு

கால்நடைக் கணக்கு எளிதானது. இறந்தவற்றின் எண்ணிக்கையை விகிதத்தால் பெருக்கினால் போதும். ஆயினும் இதற்கும் குடும்பமொன்றுக்கு மேல்வரம்பு உண்டு. மத்தியப் பட்டியலின்படி கறவை மாடுகளாயின் மூன்று, ஆடுகளாயின் முப்பது என்பது வரம்பாகும். கோழிகளுக்கு 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் குடும்பமொன்றுக்கு மொத்தம் ரூ. 10,000 மேல்வரம்பாக வைக்கப்பட்டது. உழவு மாட்டுக்கும் கன்றுக்கும் விகிதம் வேறாதலால், கறவை மாட்டின் விகிதத்தைக் கொண்டு அவற்றைக் கணக்கிடலாகாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இனி ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, தாயார், இரு குழந்தைகள் ஆக ஐவர். குடியிருப்பது கூரைக் குடிசை. நிலம் மூன்று ஏக்கர். முழுவதும் இறவை நெல். அதில் இரண்டு ஏக்கர் முழுகி அழுகிவிட்டது. மேட்டுப் பாங்கான ஒரு ஏக்கரில் கால் பங்கே சேதம். ஒரு கறவைப் பசுவும், நான்கு வெள்ளாடுகளும், பத்துக் கோழிகளும் இறந்துவிட்டன. 2024-ஆம் ஆண்டின் விகிதப்படி இக்குடும்பத்தின் கணக்கு வருமாறு:

குடும்ப அட்டைக்கு ரூ. 2,000.
குடிசைக்கு ரூ. 10,000.
நெல் 2 ஏக்கர், அதாவது 0.81 ஹெக்டேருக்கு ரூ. 13,770.
பசு ஒன்றுக்கு ரூ. 37,500.
ஆடு நான்குக்கு ரூ. 16,000.
கோழி பத்துக்கு ரூ. 1,000.
ஆக மொத்தம் ரூ. 80,270.

மேட்டு வயல் ஒரு ஏக்கர் வரம்பைக் கடவாமையால் கணக்கில் சேரவில்லை. மொத்தத் தொகையில் நெல்லுக்குரியது ஆறில் ஒரு பங்கு மட்டுமே என்பதையும், பசுவுக்கும் ஆடுகளுக்கும் உரியது பாதிக்கு மேல் என்பதையும் கவனிக்க. வயலைப் பற்றி மட்டும் மனுக் கொடுத்து, இறந்த கால்நடையைப் பற்றி எவருக்கும் அறிவியாது புதைத்துவிட்ட குடும்பம் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தொகையை இழந்துவிடும்.

குடும்பத்தின் அளவு எங்கே எண்ணப்படுகின்றது

மேற்கண்ட கணக்கில் ஐவர் என்னும் எண் எந்த இடத்திலும் வரவில்லை. இதுவே பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. குடும்ப அட்டைக்குரிய தொகை, அட்டையில் இருவர் இருப்பினும் எண்மர் இருப்பினும் ஒன்றே. இருவர் உள்ள வீட்டில் ஆளுக்கு ரூ. 1,000 விழும், எண்மர் உள்ள வீட்டில் ஆளுக்கு ரூ. 250 தான் விழும். நிலமும் மாடும் இல்லாது, நாட்கூலியையே நம்பி ஓட்டு வீட்டில் வாழும் எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு, வீடு சேதமடையாவிடில் இந்த ரூ. 2,000 ஒன்றே கிடைப்பதாகும். வெள்ளத்தால் பல நாட்கள் கூலி வேலை இல்லாமற் போன நஷ்டம் இக்கணக்கில் சேர்வதில்லை.

தலைக்கணக்காகக் கொடுக்கும் முறையும் விதிகளில் இல்லாமலில்லை. 2015-ஆம் ஆண்டுப் பட்டியலில், பிழைப்பு மிகவும் பாதிக்கப்பட்டு முகாமில் தங்காதிருக்கும் குடும்பங்களுக்கு, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ரூ. 60 வீதமும், குழந்தை ஒன்றுக்கு ரூ. 45 வீதமும் இலவச நிவாரணம் கொடுக்க இடமிருந்தது. ஐந்து பெரியவரும் மூன்று குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு அது நாளொன்றுக்கு ரூ. 435, முப்பது நாட்களுக்கு ரூ. 13,050. இருவர் மட்டும் உள்ள குடும்பத்துக்கு அதே முப்பது நாட்களுக்கு ரூ. 3,600. அட்டைக் கணக்குக்கும் தலைக்கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதனால் நன்கு விளங்கும். ஆயினும் தலைக்கணக்கு உதவி தானாகவே எல்லோருக்கும் வந்துவிடுவதன்று. எந்தப் பகுதிக்கு, எத்தனை நாட்களுக்கு என்பதை மாநில அரசு தீர்மானித்து அறிவித்தாலன்றி அதனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாகாது.

நிவாரணத்தைத் தலைக்கு இத்தனை என்று அளப்பது பற்றிய விவாதம் இந்நாட்டுக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நேர்ந்த பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தை அடிப்படையாகக் கொண்டு கூலி கொடுத்தால் போதும் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் 1877-ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்தார். மாகாணச் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் அது உயிர் தாங்கப் போதாதென்றும், ஒன்றரை ராத்தல் தானியத்தோடு பருப்பும் காய்கறியும் வேண்டுமென்றும் வாதித்தார். அவ்வாண்டிலேயே அளவு ஒன்றேகால் ராத்தலாக உயர்த்தப்பட்டுப் பருப்பும் சேர்க்கப்பட்டது. அளவையில் செய்யும் சிறு மாறுதலும் வீட்டுக்குள்ளே உலைப் பானையில் தெரியும் என்பதற்கு இது சான்று.

வருமானம் கேட்கப்படுமா

பயிருக்கும் கால்நடைக்கும் உரிய நிவாரணத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு கணக்காக வருவதில்லை. அங்கு அளக்கப்படுவது நஷ்டமேயன்றி வருமானமன்று. வேறு வேலையால் வருமானம் உள்ளவரும் தம் பயிர்ச் சேதத்தை மறைக்க வேண்டுவதில்லை. வருமானச் சான்று இல்லை என்று அஞ்சி ஏழைக் குடியானவர் பின்வாங்க வேண்டுவதும் இல்லை.

வருமானத்தையும் குடும்பத்தையும் பார்த்துக் கொடுக்கும் திட்டங்கள் வேறு. உதாரணமாக, 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் நிலமுடைய விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 6,000, மூன்று தவணைகளாகக் கொடுப்பது ஏற்பாடு. அதில் குடும்பம் என்பது கணவன், மனைவி, வயது வராத குழந்தைகள் என்று வரையறுக்கப்பட்டது. முந்திய ஆண்டில் வருமான வரி செலுத்தியவர் உள்ள குடும்பம் விலக்கப்பட்டது. இது வெள்ள நிவாரணமன்று. வெள்ளம் வந்தாலும் வாராவிட்டாலும் உரியது. ஆகவே அதனை நிவாரணக் கணக்கில் கூட்டுவதும் தவறு; ஒன்று கிடைத்தமையால் மற்றொன்று கிடைக்காது என்று எண்ணுவதும் தவறு.

பயிர்க் காப்பீடும் தனிக் கணக்கே. காப்பீடு செய்தவர், தம் வயலில் மட்டும் வெள்ளம் புகுந்தமை போன்ற தனிச் சேதம் நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் அறிவித்தல் வேண்டும். நிவாரண அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கெடு கடந்துவிடும்.

கணக்கு மெய்யாவதற்கு வேண்டுவன

திண்ணையில் போட்ட கணக்கு வங்கிக் கணக்கில் வந்து சேர வேண்டுமாயின், நஷ்டம் உரிய பதிவில் ஏற வேண்டும். பயிர்ச் சேதத்தை வருவாய்த் துறையினரும் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையினரும் கூட்டாக வந்து கணக்கெடுப்பது வழக்கம். அவர்கள் பார்ப்பது நிலத்தின் புல எண்ணும், அடங்கலில் அப்பருவத்துக்குப் பதிவான பயிரும் ஆகும். நெல் நட்டிருந்தும் அடங்கலில் தரிசு என்றிருந்தால் பின்னர் வாதாடுவது கடினம். ஆகவே ஒவ்வொரு பருவத்திலும் நடவு முடிந்தவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, தம் புல எண்ணுக்கு நேரே பயிர் சரியாகப் பதிவாகியுள்ளதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோர் இதில் இருமடங்கு எச்சரிக்கையாக இருத்தல் அவசியம். நஷ்டம் அவருடையது, பட்டாவோ நிலச் சொந்தக்காரருடையது. சாகுபடி செய்பவர் பெயர் பதிவில் இல்லாவிடில் தொகை பட்டாதாரருக்கே சென்றுவிடக்கூடும். தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென 1969-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. அவ்வாறு பதிவு செய்துகொள்ள இயலாதவர், பருவத் தொடக்கத்திலேயே நிலச் சொந்தக்காரரோடு பேசி, நிவாரணம் வந்தால் அது யாருக்குரியது என்பதை எழுத்து மூலமாக முடிவு செய்துகொள்வது நன்று.

கால்நடை இறந்தால், புதைப்பதற்கு முன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அறிவித்து, மருத்துவரின் சான்று பெற வேண்டும். இயலுமாயின் இறந்த கால்நடையையும், நீர் நிற்கும் வயலையும், இடிந்த குடிசையையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளல் உதவியாகும். குடும்ப அட்டை, ஆதார், சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நீர் புகாத உறையில் இட்டு வீட்டின் உயர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். வெள்ளத்தில் முதலில் அழிவன காகிதங்களே.

கணக்கெடுப்புப் பட்டியலில் தம் பெயரும் பரப்பும் சரியாக உள்ளனவா என்று நேரில் பார்ப்பதும் இன்றியமையாதது. தாமே ஒரு மதிப்பீடு போட்டு வைத்திருப்பவருக்கு, இரண்டு ஏக்கர் என்பது ஒரு ஏக்கர் என்று விழுந்திருந்தால் உடனே தெரியும். தாசில்தாரிடம் முறையாக மனுக் கொடுக்கலாம். மதிப்பீடே இல்லாதவருக்கு வந்த தொகை சரியா, குறைவா என்பதே தெரியாது. கூடுதலாக வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்க்கு இடமளிப்பதும் இந்த அறியாமையேயாகும்.

மேலே காட்டிய விகிதங்கள் 2024-ஆம் ஆண்டுக்குரியவை. அடுத்த பேரிடரில் அவை மாறலாம். அப்போது வெளிவரும் அறிவிப்பைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். கணக்கிடும் முறை மட்டும் மாறுவதன்று. அட்டைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, வரம்பைக் கடந்த பரப்பை ஹெக்டேராக்கி அதற்கு ஒன்று, இறந்த கால்நடைக்கு ஒன்று எனத் தனித்தனியே எழுதி, மேல்வரம்புகளைப் பார்த்து, இறுதியில் கூட்டுதல் வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒவ்வொரு குடியானவரும் தம் நிலத்தின் புல எண்கள், பரப்பு, பயிர், கால்நடைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வீட்டிலுள்ள பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதனை விளக்கி வைப்பாராயின், துன்பம் நேர்ந்த நாளில் அந்த ஒரு பக்கக் கணக்கு குடும்பத்துக்குப் பெருந்துணையாக நிற்கும்.